மக்காத ஒரு கைப்பிடி

"செய்முறைக் குறிப்பில் இல்லாத எந்தப் பொருளும், எவ்வளவு சிறிய அளவிலும், எவருடைய உத்தரவின் பேரிலும் இயந்திரத்தில் இடப்படக் கூடாது."

எங்கள் தொழிற்சாலையின் தரக் கையேட்டில் கலவைப் பிரிவுக்கான முதல் விதி இது. எழுதியவள் நான். 'எவ்வளவு சிறிய அளவிலும்' என்ற சொற்களுக்காக ஒரு பிற்பகலைச் செலவிட்டேன். 'எவருடைய உத்தரவின் பேரிலும்' என்பதைச் சேர்த்தவர் என் மேலாளர் ஜமாலுதீன் சார். முதலாளியை மனத்தில் வைத்துத்தான் சேர்த்தார். உத்தரவே இல்லாமல், வெறும் பாசத்தின் பேரில் ஒருவர் போடக்கூடும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

சென்ற மாதம் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். "மேடம், மக்கும் பிளாஸ்டிக் ரோல்ல சாம்பிள் எடுக்கறப்போ மெஷின் ஓட்டினவரும் கையெழுத்துப் போடணும்னு ஒரு ரூல் இருக்கு. வேற எந்தக் கம்பெனிலயும் இல்ல. ஆடிட்டர் ஏன்னு கேக்கறார்" என்றாள். விதியைச் சொல்ல அரை நிமிடம் போதும், அது ஏன் வந்தது என்று சொல்ல நேரம் ஆகும் என்றேன். "அப்ப எழுதி அனுப்புங்க மேடம்" என்றாள். எழுதுகிறேன். ஆடிட்டருக்கு இது எந்த வகையிலும் பயன்படப் போவதில்லை.

வேதியியலில் முதுகலை, பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் பட்டயம், திருவள்ளூர் பக்கத்தில் ஒரு குழாய்க் கம்பெனியில் சில ஆண்டுகள், கல்யாணம், இரண்டு குழந்தைகள். இவற்றை ஒரே வரியில் முடித்துவிடலாம். கும்மிடிப்பூண்டியில் எனக்கு நடந்ததற்கு இவற்றில் எதுவும் என்னைத் தயார் செய்யவில்லை.

நாங்கள் செய்தது பைகள். மளிகைக் கடைப் பை, துணிக்கடைப் பை, சோழவரம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு நாற்றுப் பை. அதற்கான இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. உருகிய பிளாஸ்டிக் ஒரு வட்ட வாய் வழியாகக் குழாய் போல மேலே வரும். உள்ளே காற்றை ஊதினால் அது உப்பிக் கூரை வரைக்கும் எழுந்து நிற்கும். உச்சியில் அதைத் தட்டையாக அழுத்தி ரோலாகச் சுற்றுவார்கள். அந்த உப்பலுக்கு ஆட்கள் வைத்த பெயர் பலூன். பலூன் ஆடாமல் நின்றால் நல்ல பை. ஆடினால் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் கிழிசல்.

அதை ஓட்டியவர் எளாவூர் தேவசகாயம். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் தொழிற்சாலை கட்டும்போது செங்கல் தூக்க வந்து, கட்டி முடிந்ததும் உள்ளேயே தங்கிவிட்டவர். இயந்திரத்தை அவர் ஒருநாளும் 'அது' என்று சொல்லிக் கேட்டதில்லை. "இன்னிக்கு இவ மூஞ்சே சரியில்ல மேடம், நாஷ்டா லேட்டாத்தான் துன்னணும்" என்பார். அவர் சொன்னபடியே அன்று ஏதாவது ஒன்று அடைத்துக்கொள்ளும்.

இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டு முடியப்போகிற சமயம். மெல்லிய பைகளுக்கு எதிரான விதிகள் ஆண்டுக்கு ஆண்டு இறுகின. முதலாளி ஒருநாள் எங்களை அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, மக்கிப்போற பையின்னு நீதான சொல்லிக்கினு இருந்த? ரெண்டு வருஷம் டைம். சர்டிபிகேட் வந்தா மிஷின் இங்க நிக்கும். வரல, சூளூர்பேட்டைக்காரன் ரேட்டு பேசிட்டான், எடுத்துக்கினு பூடுவான்."

இயந்திரம் போனால் தேவசகாயமும் அவருடன் வேலை செய்தவர்களும் போக வேண்டியதுதான். அதை முதலாளி சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

சான்றிதழுக்கான தர விதி அப்போதுதான் நம் நாட்டுக்கு வந்திருந்தது. பை உரக்குவியலில் பன்னிரண்டு வாரம் கிடக்க வேண்டும். பிறகு இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், மேலே தங்குவது போட்ட எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதோடு முடியாது. ஆறு மாதத்துக்குள் அதிலுள்ள கார்பனில் பத்தில் ஒன்பது பங்கு கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்திருக்க வேண்டும். படிக்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பொருள் ஒன்றுமில்லாமல் போவதற்கு இவ்வளவு ஒழுங்கான விதி எழுத முடியும் என்று நான் நினைத்ததில்லை.

மக்கும் பிளாஸ்டிக் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு பாலியெஸ்டர் வந்தது. மக்கும், ஆனால் துவண்டு விழும். விலையும் பையை வாங்குகிறவரைத் துவள வைக்கும். சேலத்து மரவள்ளி மாவு மலிவு, சீக்கிரம் மக்கும், ஆனால் அப்பளம் போல நொறுங்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது மறைக்க வேண்டும். செய்ததென்னவோ வேறு. தண்ணீரும் எண்ணெயும் போல முகத்தைத் திருப்பிக்கொண்டன. மாவை இளக்கக் கிளிசரின் சேர்த்தேன். இரண்டுக்கும் நடுவில் தரகர் வேலை பார்க்க ஒரு இணைப்புச் சேர்மம் போட்டேன். கத்திரி வெயிலில் சோதனை ஓட்டம் நடந்தது. பலூன் கல்தூண் போல நின்றது. அந்தப் பை கேன்டீனுக்குப் பின்னால் நான் வெட்டி வைத்திருந்த உரக்குழியில் தடயமே இல்லாமல் மறைந்தது. சாணம், இலை, கேன்டீன் காய்கறித் தோல் எல்லாம் போட்டு, கிளறி, தண்ணீர் தெளித்து, சூடு குறையாமல் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டேன். அதனால் தொழிற்சாலையில் எனக்கு 'குப்பை மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். முதுகைத் திருப்பும் வரை பொறுத்திருப்பார்கள்.

இந்த இடத்தில் ஜமாலுதீன் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவர் பழவேற்காட்டுக்காரர். தலைமுறை தலைமுறையாக வியாபாரக் குடும்பம். இவர் ஒருவர் மட்டும் படித்துச் சம்பளத்துக்குப் போனதை அண்ணன்மார் இன்னும் ஜீரணிக்கவில்லை என்பார். குரலை உயர்த்த மாட்டார். கோப்பு அனுப்பினால் ஓரத்தில் பச்சை மையால் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். நேரில் போய்ப் பேசினால் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல பாயின்ட் மேடம். எழுதிக் குடுங்க" என்பார். இந்த வட்டத்திலேயே சுற்றிச்சுற்றித் தொழிற்சாலையின் பாதிப் பிரச்சினைகள் முதுமையடைந்து இயற்கையாக இறந்தன.

பீடி, சிகரெட் எதையும் தொடாதவர் என்றாலும் மேசையில் தீப்பெட்டி இருக்கும். எந்தப் பிளாஸ்டிக்கை நீட்டினாலும் ஒரு ஓரத்தைக் கிழித்துப் பற்றவைத்து, அணைத்து, கண்ணை மூடிப் புகையை முகர்வார். பிறகு அது என்ன சரக்கு என்பார். ஆய்வகத்தில் நான் கருவிகளோடு அதே முடிவுக்கு வந்து சேர மறுநாள் ஆகிவிடும். அவருடைய முறை எந்தக் கையேட்டிலும் இல்லை என்று ஒருமுறை சொன்னேன். "எழுதிக் குடுங்க" என்றார்.

சான்றிதழுக்கான மாதிரி, ஆய்வகத்தில் கிண்டியதாக இருக்கக் கூடாது, வழக்கமான உற்பத்தியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். அந்த உற்பத்தி ஐப்பசி மழையில் நடந்தது. நான் விதிப்படி ரோலின் முதல் சுற்றுகளையும் கடைசிச் சுற்றுகளையும் கழித்து நடுவிலிருந்து வெட்டினேன். மூன்றாகப் பிரித்தேன். ஒன்று அரக்கு முத்திரையோடு வெளி ஆய்வகத்துக்கு, ஒன்று என் அலமாரிக்கு, ஒன்று என் குழிக்கு. வெளி ஆய்வகம் தன் வேலையைத் தொடங்கியது. குழியும் தொடங்கியது.

பொங்கல் கழிந்து குழியைத் திறந்து சலித்தேன். கோடைப் பையைச் சலித்தபோது ஒன்றும் தங்காத அதே சல்லடையில் இப்போது கொசுவலை போல ஏதோ கிடந்தது. மாவு போயிருந்தது, பாலியெஸ்டர் போயிருந்தது. அவை இருந்த இடத்தையெல்லாம் ஓட்டையாகக் காட்டிக்கொண்டு ஒரு மெல்லிய வலை மட்டும் அசையாமல் இருந்தது. கழுவி, உலர்த்தி, எடை போட்டேன். விதியின் எல்லையைத் தாண்டியிருந்தது. அதே செய்முறை, அதே சரக்கு.

வலையை ஜமாலுதீன் சாரின் மேசையில் வைத்தேன். தீக்குச்சி கிழித்தார். மாவுக் கலவை எரிந்தால் தீய்ந்த அப்பள வாசனை வரும். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"மெழுகுவத்தி. இது எல்.டி. மேடம்."

எல்.டி. என்பது சாதாரணப் பாலித்தீன் குருணை. மளிகைக் கடைப் பை செய்வது அதில்தான். நூறு வருடம் மண்ணில் கிடந்தாலும் அலுக்காது.

"நம்ம குறிப்பில எல்.டி. இல்லியே சார்."

"குறிப்பில இல்ல. பையில இருக்கு" என்றார்.

தேவசகாயம் கேன்டீன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மழைல மக்கும் ரோல் ஓட்டினீங்களே, அதுல எல்.டி. போட்டீங்களா?"

"போட்டேன் மேடம்."

ஒளிவுமறைவே இல்லை. நான் தயாரித்து வைத்திருந்த அடுத்த ஐந்து கேள்விகள் வீணாயின.

"எவ்ளோ போட்டீங்க?"

"ஒரு கை."

"ஒரே ஒரு கையா?"

"பலூன் ஆட்றப்போ எல்லாம் ஒரு கை."

"எத்தன வாட்டி ஆடிச்சு?"

"அத்த ஏன் கேக்கறீங்க. சாமி வந்த மாதிரி ஆடிக்கினே கீதுங்க. ஒரு கை போட்டா அடங்கும், மறுபடி ஆடும். அன்னிக்கு நான் உக்காரவே இல்ல மேடம்."

"சுவத்துல ரூல் ஒட்டியிருக்கு, படிச்சீங்களா?"

"படிச்சேனே. வேற சரக்கு போடக்கூடாதுன்னு போட்டுக்கீது. எல்.டி. இன்னா வேற சரக்கா? நம்ம சரக்கு. குழம்புக்கு உப்பு போட்றவங்க உப்பையும் சேத்தா கணக்கு சொல்லினு இருப்பாங்க?"

கோபப்படத்தான் போனேன். ஆனால் அவர் சொன்னது இந்தத் தொழிலுக்கே பொதுவான புத்தி. பை ஓட்டுகிற எவரும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு வாளி எல்.டி. வைத்திருப்பார். பலூன் தடுமாறினால் ஒரு கை அள்ளிப் போடுவார். இருபது வருடம் அப்படிப் போட்ட கை அது. எதைப் போடக்கூடாது என்று எழுதிய நான், எதைப் போடுவது அவர்களுக்குப் போடுவதாகவே தெரியாது என்று யோசிக்கவில்லை.

"மக்காது தேவசகாயம், எல்.டி. மக்காது. சல்லடைல நிக்குது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப சர்டிபிகேட்டு?"

"இந்த சாம்பிளுக்கு வராது."

"மிஷின் பூடுமா?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இவள காப்பாத்தத்தான மேடம் போட்டேன்" என்றார்.

விதி தெளிவாக இருந்தது. தவறான மாதிரி போயிருந்தால் எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும், புதிய மாதிரி அனுப்ப வேண்டும். கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு ஜமாலுதீன் சாருடன் முதலாளி அறைக்குப் போனேன். முதலாளிக்குச் சல்லடையில்தான் நம்பிக்கை இருந்தது.

"லேப்காரன் சல்லடையும் இதே சைஸா?"

"இதே சைஸ் சார்."

"கீழ வுழுந்துட்ச்சின்னா? அவன் ஆட்டற ஆட்டுல?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜமாலுதீன் சார் முந்திக்கொண்டார். வழக்கமான அதே தணிந்த குரல்.

"பெயில் ஆனா பரவால்ல மொதலாளி. பாஸ் ஆயிட்டாத்தான் பேஜாரு. நர்சரிக்காரர் மாங்கன்ன பையோட மண்ணுல வெப்பாரு. பை மக்கி வேரு வெளிய போவணும். இது வலையா நிக்கும், வேரு உள்ளயே சுத்திக்கும். ஆர்.கே.பேட்டை வரைக்கும் ஒவ்வொரு மாங்கன்னும் நமக்கு எதிரா சாட்சி சொல்லும். பிடுங்கிப் பாத்தா போதும்."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த கடிதத்தை வாங்கினார். பச்சைப் பேனாவைத் திறந்தார். 'பேசவும்' என்ற சொல்லுக்காக நான் காத்திருந்தேன். கடிதத்தை முழுவதும் படித்து, ஒரு காற்புள்ளியைத் திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டார். என் பணிக்காலத்தில் முதல் சுற்றிலேயே அவர் கையெழுத்திட்ட கடிதம் அது ஒன்றுதான்.

முதலாளி மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்: "சரி, அனுப்புங்க. ஆனா என் ரெண்டு வருஷம் அப்படியேதான் கீது. அது நகராது."

அடுத்த விதி, தேவசகாயத்துக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பு கொடுப்பது. கடமை தவறாமல் எழுதினேன். ஓரத்தில் 'பேசவும்' என்று வந்தது. போய்ப் பேசினேன். "நல்ல பாயின்ட். எழுதிக் குடுங்க" என்றார். மறுபடி எழுதினேன். 'பேசவும்' என்று வந்தது. மூன்றாவது முறை புரிந்துகொண்டேன். இத்தனை வருடமாக நான் சோம்பல் என்று நினைத்திருந்த அந்த வட்டத்துக்கு வேறு பயனும் இருந்தது. குறிப்பைக் கிழித்தேன்.

மிச்சமிருந்த கேள்வி எனக்குரியது. கோடையில் நின்ற பலூன் மழையில் ஏன் ஆடியது? மாவை எடை போட்டு, சூட்டடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போட்டேன். எடை குறைந்தது. குறைந்தது அத்தனையும் தண்ணீர். கடற்காற்றும் மழையும் சேர்ந்த அந்த ஊரில் மூட்டை பிரித்த மாவு சும்மா இருக்குமா, குடித்திருந்தது. ஈரத்தோடு உருகும்போது பாலியெஸ்டரின் நீண்ட சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்துபோகும். பாகு பதத்தில் வரவேண்டியது ரசம் பதத்தில் வரும். ரசத்தில் பலூன் ஊத அந்த மனிதர் பகல் முழுவதும் போராடியிருக்கிறார்.

ஆகவே மாவை மாவாகப் போடுவதை நிறுத்தினோம். முதலில் கிளிசரினோடு தனியாக வேகவைத்துக் குருணையாக்கினோம். சூட்டோடு மூட்டை கட்டி, போடுவதற்கு முன் மீண்டும் வெப்பக் காற்றில் உலர்த்தினோம். பலூனுக்கு முதுகெலும்பு வேண்டுமென்று மக்காச்சோளத்திலிருந்து செய்யும் இன்னொரு விறைப்பான பிளாஸ்டிக்கையும் சேர்த்தேன். அதுவும் மக்குவதுதான். கூடினால் பை அப்பளமாக நொறுங்கியது, குறைந்தால் துவண்டது. ஒரு கலவை பஜ்ஜிக்கடை வாசனையோடு வந்தது. அந்த ரோலை மட்டும் நாய்கள் வேலிக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டன. மக்கும் தன்மைக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் தர விதியில் நாய்க்கு இடமில்லை.

சரியான கலவை அமைந்ததும் உற்பத்தி ஓட்டத்துக்கு நாள் குறித்தோம். முந்தின நாளே அந்தக் கூடத்திலிருந்த எல்.டி. மூட்டைகளையும் வாளியையும் கிடங்குக்கு அனுப்பிப் பூட்டினேன். இயந்திரத்தைப் பிரித்து, உள்ளே ஒட்டியிருந்த பழைய பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுத்தார்கள். தேவசகாயத்தைக் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னேன்.

பலூன் எழுந்தது. பாதி உயரத்தில் லேசாக அசைந்தது.

"மேடம், கை நமநமங்குது."

"உள்ளயே வைங்க."

"ஒரே ஒரு பிடி மேடம். ஆருக்கும் தெரியாது."

"சல்லடைக்குத் தெரியும்."

"பாருங்க, ஆட்றா... ஆட்றா... பாய் சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார்!"

ஜமாலுதீன் சார் கூரையைப் பார்த்தபடி, "எழுதிக் குடுங்க தேவசகாயம்" என்றார். கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது பலூனும் அடங்கியிருந்தது. தேவசகாயம் கைகளை வெளியே எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல ஒன்றோடொன்று தேய்த்தார். "நின்னுட்டா" என்றார்.

ரோலின் நடுவிலிருந்து மாதிரி வெட்டி, மூன்றாகப் பிரித்து, அரக்கு வைத்தேன். என் கையெழுத்துக்குக் கீழே தேவசகாயத்தையும் கையெழுத்திடச் சொன்னேன். "நான் எதுக்கு மேடம்?" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்திலேயே உறுதியாகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானே என்றேன். யோசித்துப் பார்த்து, எழுத்துக் கூட்டி, முழுப் பெயரையும் எழுதினார். ஆடிட்டர் கேட்கும் அந்த விதி அன்று பிறந்தது.

பிறகு காத்திருப்பு. என் குழியில் பன்னிரண்டு வாரத்தில் சல்லடை சுத்தமாக இருந்தது. ஆனால் என் குழியின் பேச்சுக்குச் சபையில் மதிப்பில்லை. கோடை போயிற்று, ஆடி போயிற்று. ஆய்வகத்துக்கு நினைவூட்டல் எழுதினால் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் ஜமாலுதீன் சார் ரசித்துத் தலையாட்டுவார். தொழில் தெரிந்தவர் எழுதியது என்பார்.

புரட்டாசியில் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்து சூளூர்பேட்டைக்காரர் வந்து டேப் பிடித்து இயந்திரத்தை அளந்தார். கதவு வழியே போகுமா, மேல் பாகத்தைக் கழற்ற வேண்டுமா என்று பார்த்தார். "மோட்டார் பாகுந்தா நைனா?" என்று, மோட்டார் நன்றாக இருக்கிறதா எனத் தெலுங்கில் தேவசகாயத்தையே கேட்டார். "இருமும். சளி புடிச்ச மிஷின்" என்றார் தேவசகாயம். அந்த மோட்டார் வாழ்நாளில் ஒருமுறைகூட இருமியதில்லை.

முதலாளியின் இரண்டு வருஷம் ஆயுத பூஜையோடு முடிந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் தொழிற்சாலையில் பூஜை. தேவசகாயம் இயந்திரத்தை விடியற்காலையிலிருந்து கழுவித் துடைத்தார். பூஜைக்காகக் கழுவுகிறாரா, வழியனுப்பக் கழுவுகிறாரா என்று யாரும் கேட்கவில்லை. சந்தனம் குழைத்து வைத்தார், குங்குமம் இட்டார். ஜமாலுதீன் சார் பொரியையும் கடலையையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கற்பூரம் அணைந்து, பூசணிக்காய் உடைத்து, தெருவில் சிதறிய துண்டுகளைத் தாண்டிக்கொண்டு கூரியர்காரர் உள்ளே வந்தார்.

முதலாளி உறையைப் பிரித்தார். கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை, என்னிடம் நீட்டினார். நான் ஒருமுறை மனத்துக்குள் படித்துவிட்டு, சத்தமாகப் படித்தேன். மாதிரி எல்லாத் தேர்வுகளிலும் தேறியிருந்தது.

தேவசகாயம் போய் இயந்திரத்தின் மேல் நழுவியிருந்த மாலையைச் சரி செய்தார். முதலாளி கைப்பேசியை எடுத்து, "நைனா, நூ ராவத்து" என்று தனக்குத் தெரிந்த தெலுங்கில் சூளூர்பேட்டைக்காரரை வரவேண்டாம் என்றார்.

அன்று மாலையே சான்றிதழைக் கோப்பில் சேர்க்கப் போனேன். வரும் கடிதம் எதுவானாலும் வரவு முத்திரை குத்தாமல் கோப்பில் ஏறக் கூடாது என்பது விதி. முத்திரையையும் மைப்பெட்டியையும் அலுவலகத்தார் பேனா, கணிப்பான்களோடு சேர்த்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பூ வைத்திருந்தார்கள். பூஜையில் வைத்ததை விஜயதசமியன்று மறுபூஜை முடியும் வரை தொடக் கூடாது. அது எந்தக் கையேட்டிலும் இல்லாத விதி, ஆனால் அதை மட்டும் அந்தத் தொழிற்சாலையில் யாரும் மீறியதில்லை. கடிதத்தை முத்திரைக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒரு சாமந்தியையும் வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.

ஆகவே ஆடிட்டரின் கவனத்துக்கு: பதில் வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பதிவேட்டின்படி வந்து சேர்ந்த தேதி, விஜயதசமி.